யார் வந்தார் என்று கேட்காத வாசல்

"என்னடா இது, உன் ரூமு பழைய பீரோ மாதிரி நாறுது?" என்று இன்று காலை அம்மா கேட்டாள். எனக்கு அது பழகிப் போயிருந்தது. மேசைக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்த உன் சர்வர் பெட்டியை நிறுத்தி, மூடியைக் கழற்றி, விசிறியில் படிந்த தூசியைப் பிரஷால் தட்டியபோது பாச்சா உருண்டை வாசனை முகத்தில் அடித்தது. லிங்கராஜபுரத்து வீட்டில், ஸ்டீல் பீரோவின் அடித்தட்டில், உன் அம்மாவின் பட்டுப்புடவைகளுக்குக் கீழே இருந்த காலத்தில் ஏறிய வாசனை. நீ செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பெட்டி என்னோடு சந்தாபுராவுக்கு வந்துவிட்டது. வாசனை போகவில்லை. பெட்டி சூடானால் இன்னும் கொஞ்சம் கூடுகிறது.

கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. போய்ச் சேராது என்று தெரிந்த இடத்துக்கு எதையாவது அனுப்பினால் எங்கள் தொழிலில் அதற்குப் பிழை என்று பெயர். ஆனால் போன வாரம் நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். "ஆரம்பத்துலேருந்து சொல்லு. உனக்குத் தெரிஞ்சதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சுக்காத" என்று மீட்டிங்கில் என்னை நிறுத்துவாயே, அதற்காக ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் நம் ஆபீஸ் கேன்டீனில்தான் அது தொடங்கியது. உன் சித்தி மகள் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். வேலையில் சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேலையை விடுகிறேன் என்று சொன்ன பிறகு திருப்பித் தரவில்லை. இப்படிப்பட்ட நர்ஸ்கள் நடந்ததை எழுதிவைக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, எந்த ஊரில் எந்த மெஷினில் ஓடுகிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாதபடி மறைவலையில் இருக்கிறது என்றாய்.

"டார்க் வெப்பா? பேஷ். போலீஸ் வரும்."

"டார்க் வெப்னு எங்கம்மா காதுல போட்டுராத, மயக்கம் போட்டுருவாங்க. அவளுங்க என்ன கஞ்சாவா விக்கறாளுங்க? டூட்டி நேரத்த எழுதறாளுங்கடா, லூசு."

அந்தப் பக்கத்தைத் திறக்கத் தனி பிரவுசர் வேண்டும். ஹாஸ்டல் வார்டன் போனை வாங்கி, தெரியாத ஆப் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் தொலைந்தது. அதனால் படிக்க வேண்டியவர்களில் பாதிப்பேரால் படிக்க முடியவில்லை. நீ நினைத்தது எளிமையான காரியம். நடுவில் ஒரு சர்வர். அதன் ஒரு முகம் வெளியே, சாதாரண வெப் முகவரியோடு. இன்னொரு முகம் மறைவலைக்குள். யாராவது சாதாரண போனிலிருந்து கேட்டால், அது உள்ளே போய் அந்தப் பக்கத்தை எடுத்து வந்து கையில் கொடுக்கும். அந்த ஒரு பக்கத்தை மட்டும்தான், வேறு எதையும் அல்ல.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது என்று நீதான் முதலில் சொன்னாய். அந்தப் பக்கம் மறைந்திருக்கும். இந்த வழியாக வந்து படிப்பவள் மறைந்திருக்க மாட்டாள். அவள் எங்கிருந்து வந்தாள் என்பது நடுவில் நிற்கும் பெட்டிக்குத் தெரியும். "அதனால நடுவுல நிக்கறவங்க கண்ண மூடிக்கணும்" என்றாய். அதற்கு நீ போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: லாக் என்கிற வருகைப் பதிவு கிடையாது. யார் வந்தார், எப்போது வந்தார், எதுவும் எங்கும் பதியக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த பிறகு உங்கள் வீட்டில் வைத்து அதை நிறுவினோம். பீரோ வேண்டாம், காற்று போகாது, பெட்டி வெந்துவிடும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "முக்கியமான சாமான்னு சொல்றீங்க, அப்ப பீரோலதானப்பா வெக்கணும்?" என்று உன் அம்மா முடித்துவிட்டார். உன் அப்பா பீரோவின் முதுகில் ஒயர் போக ஓட்டை போட்டார். கதவு முழுக்கச் சாத்தாமல் இருக்க நீ ஒரு அட்டையை மடித்துச் செருகினாய். அம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "பீரோவ தொறந்து போட்டா வீடு வெளங்குமா?" அன்று சாயங்காலத்துக்குள் பெட்டி சூடு தாங்காமல் தானாக அணைந்து போனது. நான் சொன்னேன்ல என்று நான் சொல்ல, நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

உன் அப்பாவுக்கு இந்த லாக் விஷயம் பிடிக்கவில்லை. தங்கவயல் சுரங்கத்தில் இளம் வயதில் வேலை பார்த்தவர் அல்லவா.

"எத்தன பேரு வர்றாங்கன்னு கணக்கே வெக்க மாட்டீங்களா? எங்களுக்கு எறங்கும்போது ஆளுக்கொரு பித்தள பில்ல குடுப்பாங்க. ஏறி வந்தா திருப்பிக் குடுக்கணும். ஒரு பில்ல கொறஞ்சா ஒரு ஆளு இன்னும் கீழ இருக்கான்னு அர்த்தம். பில்ல இல்லாம ஒருத்தன உள்ள விட மாட்டாங்கம்மா."

"பாத்தியா, அங்கிளே சொல்றாரு" என்று நான் குதித்தேன். எனக்கு லாக் வேண்டும். எது உடைந்தது என்று லாக் இல்லாமல் தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு சாவி தேடுவது போல.

"அப்பா, அங்க பில்ல எதுக்கு? உள்ள இருக்கறவன வெளிய கொண்டுவர. இங்க அந்தக் கணக்கு வெளிய போச்சுன்னா அந்தப் பொண்ணு வேலயே போயிரும்."

அவர் டிரில்லைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப பில்ல வேணாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓட்டையைப் பெரிதாக்கத் தொடங்கினார். எனக்குத்தான் ஆள் பலம் போய்விட்டது.

அதோடு நம் சண்டை முடியவில்லை. உள்ளே இருக்கும் பக்கம் கிடைக்காத நேரத்தில் நம் பெட்டி என்ன காட்ட வேண்டும்? நான் முறையான பிழை எண்ணைக் காட்டு என்றேன். "டூட்டி முடிச்சு வந்து தொறக்கறவ கிட்ட போய் எர்ரர் நம்பர் காட்டுவியா? பேடா டா, வேணாம்" என்று நீயே உட்கார்ந்து ஒரு வரி எழுதினாய்: கொஞ்சம் பொறுங்கம்மா, வந்துடும். "இது என்ன சர்வரா, பஸ் ஸ்டாண்டு விசாரணை கவுண்டரா?" என்று கேட்டேன். நீ மாற்றவில்லை. பிழை என்றே தெரியாதபடி, எல்லாம் சரி என்கிற எண்ணோடு அந்தப் பக்கம் போகும்படி அமைத்தாய். நான் என் பங்குக்கு, பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று சற்றைக்கொரு தரம் கேட்டுப் பார்த்து என் போனில் பச்சை விளக்கு காட்டும் ஒரு நிரலை எழுதினேன். அந்த இரண்டையும் சேர்த்து வைத்து நாம் யோசிக்கவில்லை. நம் மாதிரி ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம் அது.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. ஒரு காலை, வார்டில் உன் கட்டில் அருகே உட்கார்ந்திருந்தேன். டிரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸ் சின்னப் பெண், தமிழ்ப் பெண். உன் கையைத் தடவித் தடவி நரம்பு தேடினாள். "வலிக்குதாக்கா? ஒரே ஒரு தடவ பொறுத்துக்கோங்க" என்றாள். எனக்கு வாயில் வந்துவிட்டது. இவளும் அந்தப் பக்கத்தைப் படிக்கிறவளாக இருந்தால்? இந்த அக்காதான் அதற்கு வழி வைத்தவள் என்று இவளிடம் சொன்னால்? நான் வாயைத் திறப்பதற்குள், ஊசி ஏறாத கையால் என் சட்டை நுனியைப் பிடித்தாய். அவள் போன பிறகு சொன்னாய்: "கேக்காதடா. தெரிஞ்சா அவ முகத்த நான் வேற மாதிரி பாப்பேன்."

உன்னிடமிருந்து நான் கேட்ட முழு வாக்கியங்களில் அதுதான் கடைசி.

போன மாதம் உன் பெற்றோர் லிங்கராஜபுரத்து வீட்டைக் காலி செய்து தங்கவயலுக்கே, உன் பெரியப்பா வீட்டுப் பக்கமே போய்விட்டார்கள். பீரோவை ஏற்றும் முன் உன் அம்மா பெட்டியை ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தார். "இத என்ன பண்றதுப்பா? அவ போனதுலேருந்து நான் அட்டைய எடுக்கவே இல்ல" என்றார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் செருகினேன். வெளி முகவரியை எங்கள் இணைப்புக்குத் திருப்பினேன். என் போனில் பச்சை விளக்கு வந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் பெட்டி சுத்தமாகச் சத்தமே போடவில்லை. யாராவது வந்தால் வேகமெடுக்கும் விசிறி ஏதோ கடமைக்குச் சுற்றியது. ஒரு வாரம் கழித்து எனக்குப் பொறுமை போனது. யாருமே வராத ஒன்றுக்கு நான் ஏன் காவல் இருக்க வேண்டும்? ஒருவராவது வருகிறார் என்றால் வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அணைத்துவிடலாம். தெரிந்துகொள்ள ஒரே ஒரு வார்த்தையை மாற்றினால் போதும். பெட்டியின் அமைப்புக் கோப்பைத் திறந்து, லாக் என்ற வரியில் 'ஆஃப்' என்று நீ அடித்து வைத்திருந்த இடத்துக்குக் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒரு நாள் மட்டும். பார்த்துவிட்டு அழித்துவிடலாம். கேட்பதற்கு ஆள் இல்லை. சட்டை நுனியைப் பிடிக்கவும் ஆள் இல்லை.

அம்மா காபி குடிக்கக் கூப்பிட்டாள். போய்க் குடித்துவிட்டு வந்தேன். கர்சர் அதே இடத்தில் சிமிட்டிக்கொண்டிருந்தது. எதையும் மாற்றாமல் மூடினேன். பெரிய மனசால் என்று நினைக்காதே, எரிச்சல்தான். அதற்குப் பதிலாக, தனி பிரவுசரைத் திறந்து அந்தப் பக்கத்துக்கே நேராகப் போனேன். அங்கே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதில் திருட்டு இல்லை.

மேலேயே இருந்தது.

"அக்கா லிங்க் போன வாரத்துலேருந்து ஓப்பன் ஆகல. யாருக்காவது ஆகுதா?"

"எனக்கும் ஆகல. கொஞ்சம் பொறுங்கம்மான்னே வருது."

"நாம பொறுத்த பொறுமைக்கு சர்ட்டிஃபிகேட்டே திரும்பி வந்துரும் போல."

"வெளயாடாதீங்கப்பா. எங்க ஹாஸ்டல்ல புதுப் பொண்ணு ஒருத்தி சனிக்கிழமைக்குள்ள லெட்டர் குடுக்கணும். சர்ட்டிஃபிகேட்ட திருப்பிக் கேட்டு எழுதறது எப்படின்னு இங்க போட்டிருக்கறத அவ படிக்கணும். அவ போன்ல அக்கா லிங்க் மட்டும்தான் தொறக்கும். என் போன எடுத்துட்டுப் போனா வார்டன் பாத்துருவாங்க."

"அக்காவுக்கு ஒடம்பு ஏதாச்சும் சரியில்லையோ?"

அக்கா லிங்க். நம் பெட்டியைத்தான் சொல்கிறார்கள். உன் பெயர் அங்கே எங்கும் இல்லை. நீ பெண் என்று கூட யாருக்கும் சொன்னதில்லை. 'பொறுங்கம்மா' என்ற அந்த ஒரு வரியை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

என் பச்சை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. நிரல் கேட்டது, உன் 'கொஞ்சம் பொறுங்கம்மா' பக்கம் எல்லாம் சரி என்றது, விளக்கு நம்பியது. போனைத் தூக்கி எறியத் தோன்றியது. அன்று வெள்ளிக்கிழமை.

கோளாறைக் கண்டுபிடிக்க லாக் தேவைப்படவில்லை. பெட்டியிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டேன். உள்ளே கடிகாரத்தை ஓட்டும் காசு அளவு பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. பீரோவில் கரண்ட் இருந்தவரை தெரியவில்லை. துண்டில் சுற்றி எடுத்து வந்தபோது கடிகாரம் சில வருஷங்கள் பின்னால் போய்விட்டது. கடிகாரம் தப்பாக இருந்தால் மறைவலை உள்ளே விடாது. வெளியே கேட்டு நேரத்தைத் தானாகத் திருத்தும் வசதியையும் நீ அணைத்திருந்தாய், பெட்டி வெளியே தேவையில்லாத கேள்வி எதையும் கேட்கக் கூடாது என்று.

பெட்டி சொன்ன தேதியைப் பார்த்தேன். அந்தத் தேதியில் நீ இருக்கிறாய். எலெக்ட்ரானிக் சிட்டியில், என் பக்கத்து நாற்காலியில், என்னை லூசு என்று சொல்லிக்கொண்டு இருக்கிறாய். சரியான தேதியை அடித்துவிட்டு என்டர் விசையின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் எதற்கும் காத்திருக்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். அன்று காத்திருந்தேன். பிறகு சனிக்கிழமை ஞாபகம் வந்தது. அழுத்தினேன்.

பக்கம் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பேட்டரி வாங்கி வந்து மாற்றினேன். என் நிரலையும் திருத்தினேன். பெட்டி பதில் சொல்கிறதா என்று இப்போது அது கேட்பதில்லை, உள்ளே இருக்கும் பக்கமே வருகிறதா என்று பார்க்கிறது. உன் வரியை மட்டும் தொடவில்லை. லாக் வரியையும்.

அந்தப் பெண் சனிக்கிழமைக்குள் படித்தாளா, கடிதம் கொடுத்தாளா, சான்றிதழ் கைக்கு வந்ததா, எனக்குத் தெரியாது. தெரியப்போவதும் இல்லை. தெரியாமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். உனக்கு எப்படி அது முடிந்தது என்று இன்னும் புரியவில்லை. ஆனால் செய்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா தங்கவயலிலிருந்து போன் பண்ணினார்.

"அந்தப் பொட்டி ஓடுதாப்பா?"

"ஓடுது அங்கிள்."

"யாராச்சும் வர்றாங்களா?"

"வர்றாங்க."

"கணக்குதான் கெடயாதே, எப்படித் தெரியும்?"

"நின்னுபோனப்ப கேட்டாங்க அங்கிள். அக்காவுக்கு ஒடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க."

பின்னால் உன் அம்மா யார் போனில் என்று கேட்பது காதில் விழுந்தது. "அட்டைய செருகி வெச்சிருக்கியா?" என்றார் உன் அப்பா. இங்கே பீரோ இல்லை, மேசைக்கு அடியில் திறந்த இடத்தில்தான் இருக்கிறது என்று சொல்ல வந்தேன். "வெச்சிருக்கேன் அங்கிள்" என்றேன்.

தூசி தட்டி, மூடியைப் பூட்டி, பெட்டியை மறுபடி ஓட விட்டுவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இதுவரை சும்மா சுற்றிக்கொண்டிருந்த விசிறி இப்போது வேகம் எடுக்கிறது. அறை மறுபடி உங்கள் வீட்டுப் பீரோ மாதிரி நாறத் தொடங்கிவிட்டது. யாரோ வந்திருக்கிறார்கள். யார் என்று நான் பார்க்கவில்லை.