குளத்தில் ஊறிய அலைப்பலகை

என் அன்பு அத்தானுக்கு,

உங்கள் மேல் உள்ள கோபம் தீர்ந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். அது தீருகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன், வாசித்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் கோடையிலும் ஊர்க் குளத்தில் தண்ணீர் கிடக்கிறது. நேற்று அம்மன் கோயிலுக்குப் போய்விட்டுக் கரை வழியாக வந்தேன். யாரோ வண்டிச் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீரில் ஊறப் போட்டிருந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தப் பலகை நம் வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? கடைக்குச் சரக்கு எடுக்கத் தூத்துக்குடிக்குப் போனவர், சீமைக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரின் தட்டுமுட்டுச் சாமான்களில் இருந்து அதைச் சல்லிசாக வாங்கி, பஸ் கூரையில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினீர்கள். ஆள் உயரத்துக்கு மேல் நீளம். நுனி மழுங்கி, ஒரு ஓரம் லேசாக வாய் பிளந்திருந்தது. நம் கல்யாணத்துக்கு முன்னால் கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்தபோது, வெள்ளைக்காரர்கள் இப்படிப் பலகையில் குப்புறப் படுத்து அலையோடு கரைக்கு வருவதைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவர் நீங்கள். நம் தெருக்காரர்களுக்கு அதெல்லாம் தெரியுமா? “அண்ணாச்சி, கதவு ஒத்தையா வந்திருக்கு, சோடி எங்க?” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். உங்கள் அம்மா, என் அத்தை, மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மணப்பாட்டில் கடலில் இறங்குவது, அதற்கு முன் நம் குளத்தில் போட்டுப் பார்த்துவிடுவது என்று திட்டம். மணப்பாட்டில் உங்கள் கொழும்புச் சிநேகிதர் சந்தியாகு இருந்தார். கடலையே பார்த்திராத என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

குளத்தில் போட்டதும் பிளந்த ஓரத்தில் தண்ணீர் ஏறி, பலகை ஒருக்களித்துச் சாய்ந்தது. நீங்கள் அசந்தவரா? ஆரக்கால் ஆடினால் சக்கரத்தை என்ன செய்வோம், ஊறப் போடுவோம், மரம் உப்பி இறுகிக்கொள்ளும். குருவிகுளத்துக் கரிசல் காட்டில் பிறந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பலகைமேல் கல்லை ஏற்றித் தண்ணீருக்குள் அமுக்கி வைத்துவிட்டு வந்தீர்கள்.

இறுகவும் செய்தது. அதுதான் வினை.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரம், கரையில் ஆள் நடமாட்டம் இல்லை. என்னை அதில் படுக்கச் சொன்னீர்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பயந்து செத்தபடி படுத்தேன். நீங்கள் தள்ளிக்கொண்டே வந்தீர்கள். திடீரென்று இரண்டு கையாலும் தண்ணீரை என் முகத்தில் அடித்து, “இதான் அலைன்னு வச்சுக்க. கண்ணை மூடாதட்டி. மூடுனா எங்கன இருக்கோம்னு தெரியாமப் போயிரும்” என்றீர்கள். அடித்தபோதெல்லாம் மூடினேன். “குளத்துத் தண்ணிக்கே மூடுதியே, கடல்ல என்ன செய்யப் போற?” என்று சிரித்தீர்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை.

மறுநாள் காலையில் நான் வீட்டுக்கு விலக்காகிப் பின்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். வாசல்படியில் நின்று, அடுத்த வாரம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். அப்போதாவது நான் எட்டிப் பார்த்திருக்கலாம். அழுதிருந்ததால் நான் வெளியே வரவில்லை.

மணப்பாட்டிலிருந்து செய்தி வந்ததும் உங்கள் அண்ணன், பெரிய அத்தான், ஆட்களோடு ஓடினார். அந்தக் கரையிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்தார். பெண்பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்றார்கள். உங்கள் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

காரியம் முடிந்த பிறகு சந்தியாகு அண்ணாச்சி வந்தார். கரையில் ஒதுங்கிய பலகைத் துண்டைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அது ஒரே மரம் இல்லை அத்தான். மெல்லிசு மெல்லிசாகப் பசை போட்டு ஒட்டியது. ஊறிய அட்டை மாதிரி ஏடு ஏடாகக் கழன்று கிடந்தது. இதை எங்கேயாவது ஊறப் போட்டீர்களா என்று அவர் மெதுவாகக் கேட்டார். ஆமென்று சொல்லிச் செத்தவரை முட்டாளாக்க எனக்கு மனசு வரவில்லை.

போகும்போது அவர் சொன்னதுதான் என்னை அறுக்கிறது. “பலகைய விட்டுட்டு நீந்தி வான்னு தொண்டை கிழியக் கத்துனேன் தங்கச்சி. அவன் விடல்ல.”

ஏன் விடவில்லை? சல்லிசாக வாங்கிய பழஞ்சாமான்தானே? என்னை ஏற்றிப் பார்த்த பலகை என்றா? அப்படி நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. பயத்தில் கை விடவில்லை என்றாலும் தாங்கவில்லை. எதுவென்று யாரிடம் போய்க் கேட்பேன்?

இப்போது ஒரு சேதி. போன வாரம் அத்தை அடுப்படியில் வந்து உட்கார்ந்தார்கள். உங்களுக்குப் பிறகு இரண்டு ஆடித்தபசுத் திருவிழா போய்விட்டது, அவர்கள் கடல் என்ற சொல்லையே எடுத்ததில்லை. “அந்தக் கடலு எப்படிட்டி இருக்கும்?” என்றார்கள். எனக்கும் தெரியாது என்றேன். விறகை உள்ளே தள்ளிவிட்டு, “எம் புள்ளைய முழுங்குனது எதுன்னு கண்ணால பாக்கணும். நாம ரெண்டு பேரும் ஒருக்கப் போயிட்டு வருவோமா?” என்றார்கள்.

ஊர் என்ன பேசும் என்று பெரிய அத்தான் குதித்தார். ஊருக்கு அவ்வளவு ஆசையாக இருந்தால் அதுவும் கூடவே வரட்டும் என்று அத்தை சொல்லிவிட்டார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை போகிறோம். கரையில் வந்து நிற்பதாகச் சந்தியாகு அண்ணாச்சி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நீங்கள் இறங்கிய இடத்தில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கி நிற்பேன். அலை என் முகத்தில் அடிக்கட்டும். நான் கண்ணை மூட மாட்டேன், அத்தான்.

உங்கள் மாமன் மகள்,
சண்முகத்தாய்
சங்கரன்கோவில்