ஒரு நாள் மட்டும் புகைக்காத வான்

அன்புள்ள ஹரிசனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே குளிரிலும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்குப் பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் தங்கச்சி மிதுனாவை நினைத்தால் அது பொய்யாகிவிடும். போன செவ்வாய்க்கிழமை வாகனப் புகைப் பரிசோதனை நிலையத்தில், அவள் பள்ளிக்கூடம் போகிற வானைச் சோதனைக்காக மட்டும் புகை குறையும்படி திருகிக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். போனில் கதைத்தால் தங்கச்சி பக்கத்தில் நின்று கேட்பாள், அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ ஏறிப் போன அதே வான்தான், வின்சன்ற் அங்கிளுடையது. இப்போது வெள்ளவத்தையிலிருந்து பதினாலு பிள்ளைகளைக் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகிறது. காலையில் எங்கள் ஒழுங்கையில் நின்று கிளம்பும்போது விடுகிற கறுப்புப் புகை எதிர்ச் சுவரில் படிந்துபோய்க் கிடக்கிறது. பின் கதவு ரப்பர் தேய்ந்து புகை உள்ளேயும் வருகிறது. பின் சீற்றில் இருக்கும் தங்கச்சிக்கு மூச்சிழுப்புத் தொய்வு கூடி இந்தத் தவணையில் மூன்று தரம் நெபுலைசர் பிடித்தாயிற்று. நான் கேட்டபோது வின்சன்ற் அண்ணை கோபிக்கவில்லை, லைசன்ஸ் புதுப்பிக்கப் புகை டெஸ்ற் இருக்கு, நீங்களே வந்து பாருங்கோ என்று கூட்டிப் போனார். வழியில் ஒருகொடவத்தையில் சிவமணி என்பவரின் கராஜில் நிறுத்தினார். சிவமணி டீசல் பம்பில் ஒரு ஸ்குரூவை இரண்டு சுற்றுத் திருகினார். அப்படிச் செய்தால் டீசல் குறைவாகப் போகுமாம், இழுவை இராது, புகையும் இராது. நான் உள்ளே இருப்பதைப் பொருட்படுத்தாமலே, "டெஸ்ற் முடிய நேரா இஞ்ச வாங்கோ அண்ணை, பழையபடி வைச்சு விடுறன்" என்றார். ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தினமும் செய்து கொடுக்கிற வேலைபோல.

நிலையத்தில் புகைக்குழாயில் கருவியைச் செருகி எஞ்சினை உறுமவிட்டார்கள். புகை அனுமதித்த அளவில் பாதியைக்கூடத் தொடவில்லை. அங்கே இருந்தவர் என்னிடம் சிங்களத்தில், வண்டியைத் திருத்தினீர்களா, நன்றாக இருக்கிறதே என்று கேட்டார். வின்சன்ற் அண்ணை என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன், ஹரிசன். டீசல் இல்லாத அந்த வருஷம் உன்னை ஓ.எல் சோதனைக்குக் கொண்டுபோக இரண்டு நாள் டீசல் வரிசையில் வானுக்குள்ளேயே படுத்துக் கிடந்தவர் அவர். திரும்பும்போது கராஜில் அந்த ஸ்குரூ இரண்டு சுற்றுத் திருப்பிப் பழையபடி வைக்கப்பட்டது. இது என்ன நியாயம் என்று அப்போதுதான் கேட்டேன். "குறைச்சு வைச்சா பதினாலு பிள்ளையளோட கொட்டாஞ்சேனை ஏத்தத்தில வான் நிண்டிடும், பிறகு பள்ளிக்கூடம் பிந்திப்போச்செண்டு நீங்கள்தான் என்னைப் பேசுவியள்" என்றார்.

கருவி பொய் சொல்லவில்லை, அந்த அரை மணித்தியாலம் வான் உண்மையிலேயே புகைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். வருஷத்தில் ஒரு நாளை அளந்துவிட்டு மற்ற நாட்களைப் பிள்ளைகளின் நெஞ்சில் விட்டுவிடுகிறார்கள். காலி வீதியில் கரும்புகை கக்கிக்கொண்டு போகிற லொறிக்காரரைக் கேட்டால் அவரும் இந்தச் சோதனை பாஸான கடதாசியைத்தான் எடுத்து நீட்டுவார். கொழும்பின் காற்றுக் கெட்டால் அயல்நாட்டிலிருந்து வருகிறது என்கிறார்கள், சில மாதங்களில் அதிலும் உண்மை உண்டு, நானும் வாசித்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஒழுங்கைச் சுவரின் கறுப்பு கடல் தாண்டி வரவில்லை. பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் நடந்ததை எழுதினேன். ஜெயராணி குரல் பதிவு போட்டா, "பாஸ் பண்ணின வானுக்கு ஏன் இந்த வழக்கு? புத்தகம் வாசிக்கிற ஆக்களுக்குப் புகையும் எழுத்தாத் தெரியும்." பலர் சிரிப்புப் படம் போட்டார்கள். சுபோதினி மட்டும் தனியாக எழுதினா, தன் மகனும் இருமுகிறானாம், ஆனால் வேறு வானுக்கு எங்கே போவது என்று. அப்பாவோ வீண் பகை வேண்டாம், தங்கச்சியை முன் சீற்றில் இருத்தச் சொல்லுவோம் என்கிறார். என் பிள்ளை முன்னுக்கு வந்தால் பின்னுக்கு யாருடைய பிள்ளையை இருத்துவது?

நேற்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு வானின் இலக்கத்தைக் கொடுத்து முறைப்பாடு செய்துவிட்டேன். ஒளித்துச் செய்ய மனம் வரவில்லை, வின்சன்ற் அண்ணையிடம் நானே போய்ச் சொன்னேன். "உங்கட மகனைக் கேட்டுப் பாருங்கோ நான் ஆரெண்டு" என்றார். அவர் உன்னோடு கதைத்தால் மரியாதையாகக் கதை, அவர் செய்ததை மறக்காதே. ஆனால் எனக்காக மன்னிப்புக் கேட்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு, ஜக்கெற் போடாமல் வெளியே போகாதே. பிள்ளையார் உன்னோடு இருப்பார், எங்கள் ஆசிகள் எப்போதும் உனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியோடு கதைக்க மறவாதே.

உன் அன்பு அம்மா,
உஷாந்தி
வெள்ளவத்தை

பி.கு.: கடிதத்தை ஒரு கிழமை அனுப்பாமல் வைத்திருந்தேன். புதன்கிழமை வானை மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். வின்சன்ற் அண்ணை ஒருகொடவத்தையில் சிவமணியின் கராஜ் வழியாகப் போனார். வான் சித்தியடைந்தது. தங்கச்சி இப்போது என்னோடு பஸ்ஸில் போகிறாள், வானில் பதின்மூன்று பிள்ளைகள் போகிறார்கள்.