காது மெஷின் டப்பாவும் தோசைக்கல்லும்

அன்புள்ள பூஜாவுக்கு,

வடக்குப்பட்டிலிருந்து உன்னை வளர்த்த சித்தப்பா எழுதுவது. இங்கே நான், உன் சித்தி, வாசலில் படுத்திருக்கும் நாய் உட்பட எல்லாரும் சுகம், போலந்துக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இனி நான் எழுதப்போவதை நீ நம்பமாட்டாய், ஊரே நம்பாது, குலதெய்வத்தின் மேல் ஆணை, எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.

சித்தியின் காது மெஷினைச் சார்ஜ் போடும் டப்பா போன மாதம் உயிரை விட்டது. அது மட்டும் தனியாக வராது என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். திறந்து பார்த்தால் போர்டில் கடுகில் பாதி அளவு ஒரு கெப்பாசிட்டர் கருகிக் கிடக்கிறது. இவ்வளவுதானா என்று மீசையை முறுக்கினேன், ஒரகடம் கம்பெனியில் பதினோரு வருஷம் போர்டு லைன் மெஷினுக்குக் கெப்பாசிட்டர் ரீல் மாட்டினவன் இல்லையா, அங்கே நான் ஒரு கொட்டாவி விடுவதற்குள் மெஷின் நூறு கெப்பாசிட்டர் வைத்துவிடும். இங்கே ஒன்றே ஒன்றை வைக்க நாலு ஞாயிற்றுக்கிழமை நாசமாய்ப் போனது. மாடி ரூமில் குடியிருக்கும் பேச்சிராஜ் நாலைந்து கெப்பாசிட்டரும் சிரிஞ்சில், சூடு பட்டால் உருகிப் பற்றவைக்கும் சால்டர் பேஸ்ட் கொஞ்சமும் வாங்கித் தந்து, மூச்சு விடாதிய அண்ணாச்சி, பறந்துரும் என்று எச்சரித்தான். மூச்சை அடக்கினேன், தும்மல் அடங்கவில்லை. முதல் கெப்பாசிட்டர் இருங்காட்டுக்கோட்டை கார் கம்பெனி வரை பறந்து, புதுக் கார் ஒன்றில் ஏறி ஏற்றுமதியாகிவிட்டது. இரண்டாவது என் மீசையில் குடியேறியது. மூன்றாவதை நீ விட்டுப்போன புருவ இடுக்கியால் பிடித்தேன், இடுக்கியை விட்டு இறங்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தது.

கடைசியில் நாலாவதை எப்படியோ பேஸ்ட்டின்மேல் கோணலாய் நிறுத்திவிட்டு, பரண்மேல் கிடந்த பழைய தோசைக்கல்லை அடுப்பிலேற்றி அதன்மேல் போர்டை வைத்தேன். பேஸ்ட் உருகி வெள்ளியாய்ப் பளபளத்தது, கோணலாய் நின்ற கெப்பாசிட்டர் தானே நகர்ந்து நேராக உட்கார்ந்தது, எனக்குக் குடம் குடமாக ஆனந்தக் கண்ணீர். அந்த நேரம் பார்த்து உன் சித்தி வந்தாள். கல் புகைவதைப் பார்த்ததும், இன்னாயா கல்லை இப்டி காயவுட்டுகினு நிக்கற என்று சொல்லிக்கொண்டே, தோசைக்குத் தெளிக்கிற பழக்கத்தில் ஒரு கை தண்ணீரை விசிறிவிட்டாள். வேணாம் லீலா என்று நான் போட்ட கூச்சல் படப்பை வரை கேட்டது, பக்கத்தில் நின்ற அவளுக்குக் கேட்கவில்லை. கேட்கவைக்கிற சாமான்தானே கல்லின்மேல் துள்ளிக்கொண்டிருந்தது! போர்டு அப்பளமாய் வளைந்துவிட்டது. நான் தலையில் அடித்துக்கொள்கிறேன், அவளோ, பசிக்குதுன்னா வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா என்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இரு. அடுத்த ஞாயிறு வீடியோவில் வா, வாயை மெதுவாக அசைத்துப் பேசு, மறக்காதே.

இப்படிக்கு,
தோசைக்கல்லிடம் தோற்ற உன் சித்தப்பா,
கன்னியப்பன்

பி.கு. கார், மீசை, குடம் எல்லாம் என் அளப்பு. அவளுக்குக் கேட்கவில்லை என்பது மட்டும் நிஜம். ஒரு மாதமாக நீ பேசும்போதெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டு ம்ம், ம்ம் என்கிறாளே, ஒரு வார்த்தையும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. வைத்த பிறகு, புள்ள இன்னா சொல்லிச்சி என்று என்னைத்தான் கேட்கிறாள். நானும் ஏதாவது அளந்துவிடுகிறேன். போன வாரம், நீ பொங்கலுக்கு வருகிறாய் என்று சொல்லிவிட்டேன்.