ரெண்டு டப்பா பசையும் உன் வில்லும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நல்லா இருக்கியான்னு எல்லாக் கடிதத்துலயும் கேக்கறேன், நீயும் நல்லா இருக்கேன்னு எழுதிடுவே. இந்தத் தடவை நிஜமாவே கேக்கறேன், கண்ணு, மூக்கு, நெத்தி எல்லாம் ஒரு கீறல் இல்லாம இருக்கா? இங்க எங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை. உங்க அப்பாவுக்கு முட்டி வலி வழக்கம் போல. எனக்கு மட்டும் கோபம், அதுவும் மூக்குக்கு மேல. பிறந்த நாளுக்கு அனுப்பின அந்த வில்லைத் தொடாதேன்னு போன்ல ரெண்டு தடவை சொல்லிட்டேன். முதல் தடவை சிரிச்சே. ரெண்டாவது தடவை, செலக்‌ஷனுக்கு மூணு வாரம்தான் இருக்கு, முடியட்டும் பார்க்கலாம்னு சொல்லிட்டு டொக்குன்னு வெச்சுட்டே. உன்னைப் பெத்தவ சொல்றதும் காதுல ஏறலை, அந்த வில்லைச் செஞ்சவ சொல்றதும் காதுல ஏறலை. அதான் எழுதறேன், காகிதத்தைப் பாதியில வெட்டிவிட முடியாது பாரு.

நம்மகிட்ட வில் வாங்கின பல் டாக்டரம்மாவோட வில் உடைஞ்சதுன்னுதானே உனக்குச் சொன்னேன், எப்படி உடைஞ்சதுன்னு நீ கேக்கவே இல்லை. முழுசா இழுத்துப் பிடிச்சிருக்காங்க, கன்னத்துக்கிட்ட நாண் இருக்கு, மேல்பாதியில ஒட்டின மரத் தகடு ரெண்டும் பிரிஞ்சு ஒண்ணு வந்து புருவத்துல அடிச்சிருக்கு. நாலு தையல். ஒரு விரல் கீழே பட்டிருந்தா கண்ணு. அந்தம்மா கட்டோட நம்ம பட்டறைக்கு வந்து, சண்டை போடாம, உடைஞ்ச ரெண்டு துண்டையும் மேஜை மேல வெச்சுட்டு, இதை மறுபடி ஒட்ட முடியுமான்னு கேட்டாங்க. திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன். உங்க அப்பா அவங்க முகத்தைப் பார்க்காம துண்டையே பார்த்துக்கிட்டு, நீங்க வெயில்ல காருக்குள்ள வெச்சிருப்பீங்க, பசை இளகியிருக்கும்னு சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்துல கையில இருந்த உப்புத்தாளைத் தூக்கி எறிஞ்சேன். அது அவர் மேல படலை, பட்டிருக்கணும்.

இதெல்லாம் எங்க ஆரம்பிச்சதுன்னு உனக்கே தெரியும். பதினெட்டு வருஷமா நம்ம பட்டறையில தூள் பசைதான். தண்ணியில கரைச்சு, கட்டி இல்லாம கலக்கி, பழுப்பா பூசற பசை. நாற்காலிக்குப் போடற வெள்ளைப் பசை வில்லுக்கு ஆகாது, வளைஞ்சே நிக்கிற மரத்துல அது நாளாக நாளாக வழுக்கிக்கிட்டே போகும்னு நீ பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே மத்தவங்களுக்குப் பாடம் எடுத்தவ. அந்த நீ ஊர் தாண்டிப் போனதும், தூள் பசை எல்லாம் பழைய கதை, இங்க எல்லாரும் எபாக்ஸிதான்னு, ஒண்ணோட ஒண்ணு கலந்து பூசற ரெண்டு டப்பாவைப் பார்சல்ல அனுப்பிட்டே. நான் வேண்டாம்னேன். உங்க அப்பா, பொண்ணு அனுப்பியிருக்காளேன்னு உச்சி குளிர்ந்து போய் அன்னைக்கே டப்பாவைத் திறந்துட்டார். அப்பனும் மகளும் சேர்ந்துட்டா இந்த வீட்டுல நான் உப்புக்குச் சப்பாணி. அந்தப் பசையில மூணு வில் ஒட்டினோம். டாக்டரம்மாவுது ஒண்ணு, இங்க இன்னும் மெருகு போடாம நின்னது ஒண்ணு, உன் பிறந்த நாளுக்கு அனுப்பினது ஒண்ணு.

பசை மேல குத்தம் இல்லை, அதையும் சொல்லிடறேன், நாளைக்கு நீ அதைப் பிடிச்சுக்கிட்டு ஆடக்கூடாது. அது நல்ல பசைதான். தூள் பசைக்குத் தகடும் தகடும் முடி நுழையாம பொருந்தணும், சேர்த்துப் பிடிக்கிற கிளாம்பை நல்லா இறுக்கணும். இதுக்கு அப்படி இல்லை, நடுவுல பசை கொஞ்சம் தங்கணும், தங்கினாத்தான் பிடிக்கும். உங்க அப்பா இறுக்கற இறுக்கு உனக்குத் தெரியாதா? அவர் மூடின பாட்டில் மூடியை இந்த வீட்டுல யாரும் திறந்ததில்லை. இருபது கிளாம்பையும் அதே மாதிரி முறுக்கினார், பசை எல்லாம் ஓரத்துல வழிஞ்சு கீழே போச்சு, பார்த்தியா எவ்வளவு நல்லா பரவுதுன்னு பெருமை வேற. வழிஞ்சதைத் துணியால துடைச்சவ நான்.

டாக்டரம்மா போனதும், வில்லை அகலத்துக்கு அறுக்கும்போது மிஞ்சற ஓரத் துண்டுகளைத் தேடி எடுத்தேன், ஒவ்வொண்ணுலயும் வில்லோட நம்பர் எழுதி வெச்சிருக்கேன். உன்னோட பழைய தூள் பசை வில் இருக்கே, நாலு வருஷத்துக்கு முந்தினது, அதோட துண்டுல உளியை வெச்சு அடிச்சேன், மரம்தான் கிழிஞ்சுது, ஒட்டு அசையலை. அப்புறம் உன் புது வில்லோட துண்டு. ஒரு தட்டுதான் தட்டினேன். டப்பா மூடி மாதிரி கழண்டு வந்துச்சு. உள்ளே ரெண்டு பக்கமும் வழவழன்னு இருக்கு, ஒரு நார்கூட ஒட்டிக்கிட்டு வரலை. அதைக் கொண்டுபோய் உங்க அப்பா சாப்பிடற தட்டுக்குப் பக்கத்துல வெச்சேன். அவர் எழுந்து கை கழுவிட்டுப் போயிட்டார், ஆறு நாளா என்கூடப் பேச்சில்லை. மெருகு போடாத வில்லை நானே ரம்பத்தால ரெண்டா அறுத்துட்டேன்.

அவரைச் சொல்றேன், உன்னைச் சொல்றேன், என்னைச் சொல்ல வேண்டாமா? டப்பாவோட ஒரு தாள் வந்துதே, நீகூட மேல பேனாவால கோடு போட்டு, மெதுவா இறுக்கினா போதும்னு எழுதியிருந்தே. அது உங்க அப்பா கைக்குப் போகவே இல்லை. நான்தான் படிச்சேன். படிச்சுட்டு மடிச்சு அலமாரியில வெச்சேன். இத்தனை வருஷம் ஒட்டின எங்களுக்கு இறுக்கக் கத்துக் கொடுக்க வந்துட்டாளான்னு வீம்பு. பசை வழியும்போது அந்தத் தாள் ஞாபகம் வந்துச்சு, அப்பவும் வாயைத் திறக்கலை. உன் பசை தோத்துப் போகட்டும்னு மனசுல ஒரு மூலையில இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். இதை உங்க அப்பாகிட்ட இன்னைக்குக் காலையிலதான் சொன்னேன். அவர் தாளை வாங்கி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் கடைசி வரைக்கும் படிச்சார்.

அந்தப் புது வில் மத்த வில்லைவிட வேகமா அம்பை விடுதுன்னு நீ சொன்னது எனக்குத் தெரியும். நல்ல மரம், நல்லா இழைச்சது, ஏன் விடாது. ஒட்டு விடற நாள் வரைக்கும் விடும். செலக்‌ஷன்ல ஜெயிக்கலாம்னு நீ கணக்குப் போடறே, எத்தனை வருஷ ஆசைன்னு எனக்கா தெரியாது. ஆனா உன்னைக் கேட்டு இனிமே பிரயோஜனம் இல்லைன்னு நேத்து உன் கோச்சுக்கு ஒரு கடிதம் எழுதி, இதுக்கு முன்னாடியே தபால்ல போட்டுட்டேன். இந்த நம்பர் வில் எங்க பட்டறையில தப்பா ஒட்டினது, உயிருக்கு ஆபத்து, இதோட அம்பு விடற கோட்டுல நிக்க விடாதீங்கன்னு எழுதி, கழண்ட துண்டையும் உள்ளே வெச்சு, என் கையெழுத்தும் போட்டிருக்கேன். கீழே உங்க அப்பாவும் கையெழுத்துப் போடட்டும்னு காத்திருக்கலை. உன் கோச் இனிமே நம்மகிட்ட வில் வாங்குவாரோ மாட்டாரோ, அது அப்புறம்.

பழைய வில்லை எடுத்து நாண் பூட்டி இன்னைலேர்ந்தே பழகு. வேளைக்குச் சாப்பிடு. எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதமும் உனக்கு எப்பவும் உண்டு, நாங்க பேசிக்காத நாள்லயும் உண்டு. என் மேல கோபம் வரும், வரட்டும். அடுத்த தடவை வரும்போது எதிர்ல நின்னு ரெண்டு கண்ணாலயும் என்னை நல்லா முறைச்சுப் பாரு, எனக்கு அது போதும்.

இன்னும் கோபம் தீராத
உன் அம்மா