சாக்குக் கூடாரம்

அப்பாவுக்கு,

நாங்கள் இப்போது ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு இருக்கிறோம். வீட்டைப் பற்றி எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதனால் கூடாரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

மூங்கில், பழைய சாக்குகள், வைக்கோல் பிரி, அவ்வளவுதான். சாக்குகளைத் தைத்தது நான். வாசலை மேற்கே வைத்துவிட்டேன். ஆனிக் காற்று உள்ளே புகுந்து கூரையை அப்படியே தூக்கிக்கொண்டு போனது. தங்கச்சி வயலெல்லாம் அதைத் துரத்தினாள். அம்மாகூடச் சிரித்தாள். இப்போது வாசல் கிழக்கே இருக்கிறது. மணலில் குழி தோண்டி அடுப்பு வைத்திருக்கிறோம், கஞ்சி சீக்கிரம் கொதிக்கிறது.

உட்கார்ந்து எழுத முடியவில்லை. யாரோ வருவது போலிருக்கிறது, எழுந்து எழுந்து கரையைப் பார்க்கிறேன்.

நேற்று பண்ணையாரின் காரியக்காரர் வந்தார்.

"கூலி கேக்குற சங்கத்துல இனிமே இல்லைன்னு உன் புருஷன் எழுதிக் குடுத்தா, நாளைக்கே பழைய மனையில குடிசை போட்டுக்க."

"இங்க காத்து நல்லா வருதுங்க" என்றாள் அம்மா. நான் சாக்குக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அடுத்து உங்களைப் பார்க்க ஜெயிலுக்கு வரப்போகிறாராம். பிள்ளைகள் வெயிலில் கிடக்கிறார்கள் என்று சொல்வார். கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் அப்பா. நாங்கள் நிழலில்தான் இருக்கிறோம்.

உங்கள் மூத்த மகள்