பிரிக்கப்படாத உறை

மார்ச் 4, செவ்வாய்

மரபணு ஆய்வுக்கூடம் நம் காப்பகத்துக்கு அனுப்பிய முப்பத்தொரு பெட்டிகளில் ஒன்பதாவதை இன்று திறந்தேன். மனித மரபணுவை முழுதாகப் படித்துவிடலாம் என்று ஒரு சிலர் மட்டும் நம்பிய காலத்துக் காகிதங்கள். ஆய்வேடுகள், கடிதங்கள், ரத்தம் கொடுத்த குடும்பங்களின் வரைபடங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்குக் கறுப்பு.

பதினெட்டு வருஷ வேலையில் என் வீட்டுக் காகிதம் ஒன்று கையில் வந்தது இதுதான் முதல்முறை. எங்கள் குடும்பத்தின் வரைபடம். கறுப்பு வட்டம் அம்மா. கீழே இரண்டு வெள்ளை வட்டங்கள்: ஆறாம் எண் அக்கா, ஏழாம் எண் நான். அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு, எனக்குப் பதினாறு. அம்மாவின் கைகள் தாமாகவே ஆடத் தொடங்கியிருந்தன.

அடுத்த வருஷம் முடிவு வந்தது. அக்காவுக்கு அம்மாவின் நோய் வரும், பிள்ளைகள் பெற்றால் அவர்களுக்கும் இறங்கலாம்; எனக்கு வராது. அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருந்த கணக்கு வாத்தியாரை அவளே திருப்பி அனுப்பினாள். நான் கல்யாணம் செய்துகொண்டேன், ஒரு மகளையும் பெற்றேன்.

மார்ச் 6

அக்கா போன் செய்தாள். ஐம்பத்திரண்டு முடிகிறது, இன்னும் நோய் வரவில்லை. "பஸ் லேட்டு போலடி. நான் ஸ்டாப்புலயேதான் நிக்கிறேன்." சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

மார்ச் 11

டம்ளர் மறுபடியும் நழுவியது. இந்த மாதத்தில் மூன்றாவது என்று மகள் எண்ணிச் சொல்கிறாள். மூக்குக்கண்ணாடியை மாற்ற வேண்டும்.

மார்ச் 13

கடிதக் கட்டில் ஓர் உறை. அக்காவின் பெயர், அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நாங்கள் காலி செய்த வீட்டின் விலாசம். குறுக்கே "முகவரியில் இல்லை" என்று முத்திரை. ஒட்டியது ஒட்டியபடியே இருக்கிறது.

திறக்காமல் வந்த கடிதத்தைக் காப்பகத்தில் நாங்கள் திறப்பதில்லை. பட்டியல் அட்டையில் பென்சிலால் எழுதினேன்: உறை ஒன்று, பிரிக்கப்படாதது. எழுத்து கோணல்.

மார்ச் 14

பார்க்காமல் இருந்திருக்கலாம். உறையின் தேதியை வைத்து அதே வாரத்து ஆய்வேட்டைத் தேடி எடுத்தேன். அந்தக் காலத்தில் எண்ணைக் குழாயின் மேல் எழுதாமல் மூடியின் மேல் எழுதியிருக்கிறார்கள். சிவப்புப் பென்சிலில் ஆய்வக உதவியாளரின் குறிப்பு: "கழுவும்போது 6, 7 மூடிகள் இடம் மாறிவிட்டன. முடிவு நேர்மாறு. மூத்த மகளுக்குக் கடிதம் அனுப்பியாயிற்று."

மூன்று தடவை படித்தேன்.

மூடி. ரெண்டு மூடி மாத்திப் போட்டுட்டாங்க. அவ்ளோதான்.

மார்ச் 15

மகளுக்குப் பத்தொன்பது வயது.

மார்ச் 19

வீட்டுக்காரரிடம் சொன்னேன். வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவங்ககிட்ட இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது? போன முப்பது வருஷம் திரும்பி வருமா?" என்றார்.

அக்காவுக்காகக் கேட்கிறாரா, எனக்காகவா? சொல்லாவிட்டால் அவள் சாகும்வரை ஸ்டாப்பிலேயே நிற்பாள். சொன்னால்... அப்ப நான் வாத்தியாரை எதுக்குடி திருப்பி அனுப்பினேன்னு கேப்பாளே.

மார்ச் 24

ரத்தம் கொடுத்தவர் தன் காகிதங்களைப் பார்க்கலாமா என்று தலைமை அதிகாரியிடம் கேட்டேன். வாசிப்பறையில், நம் கண்முன் பார்க்கலாம் என்றார். யாருக்கு என்றார். அக்காவுக்கு என்றேன். மேலே கேட்கவில்லை.

உனக்கு ஒரு கடிதம் இருக்கிறது, வா என்று மட்டும் சொல்வதாகத்தான் போனை எடுத்தேன். எல்லாம் வாயில் வந்துவிட்டது. கடைசியில், "உனக்கா?" என்றாள். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 2

அக்கா போனை எடுக்கவில்லை.

ஏப்ரல் 9

இன்றும் எடுக்கவில்லை. டாக்டர் எனக்கு ரத்தம் எடுத்தார். எண்ணைக் குழாயின் மேல்தான் ஒட்டினார்கள். நின்று பார்த்தேன்.

மே 6

என் ரத்த முடிவு வந்தது. ஆய்வேட்டில் இருந்தது சரிதான்.

மகளிடம் நானே சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "நான் டெஸ்ட் பண்ணிக்கணுமா வேண்டாமான்னு நானே சொல்றேன்மா. நீ மட்டும் கேக்காத," என்றாள். பிறகு குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

அக்கா வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல், நேரே காப்பகத்துக்கு. மெலிந்திருக்கிறாள். படிவத்தில் "ஆய்வின் நோக்கம்" என்ற இடத்தில் "என் தபால்" என்று எழுதினாள். வழக்கப்படி அவளுடைய பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தேன்.

உறையை மெல்லப் பிரித்தாள். நான்கே வரி.

"மன்னிக்கணும்னு ரெண்டு தடவை போட்டிருக்காங்க," என்றாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வாத்தியாருக்குப் பேரப்பிள்ளை இருக்காம்டி," என்றாள்.

கடிதத்தை மடித்து உறையில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள். இனி அட்டையைத் திருத்த வேண்டும், அது என் வேலை. பழைய வரியை அழித்தேன். எழுதப் போனால் பென்சில் கையில் நிற்கவில்லை, இரண்டு தடவை உருண்டு விழுந்தது. அக்கா குனிந்து எடுத்தாள். அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சொல்லு."

"உறை ஒன்று," என்றேன். "பிரிக்கப்பட்டது. பெறுநரால்."

எழுதினாள். எழுத்து நேராக இருந்தது.