அவள் சொன்ன இரண்டு சொற்கள்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. போனில் சொல்லாமல், வீட்டுக்கும் அனுப்பாமல், உன் தையல் கடைக்கு விரைவுத் தபாலில் அனுப்புவதற்குக் காரணம் உண்டு. படித்து முடிக்கும்வரை உன் வீட்டுக்காரரிடம் சொல்லாதே.

என் வேலை உனக்குத் தெரியும். வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களுக்கு அகராதி. சொல், பொருள், பழைய கவிஞர்கள் அதை எப்படிக் கையாண்டார்கள் என்று ஒரு வரி. உன் அண்ணி, "செத்துப்போன வார்த்தைக்கெல்லாம் ஜாதகம் எழுதறார்" என்று சிரிப்பாள். கல்யாணத்துக்கு முன் மகள்தான் எனக்கு அச்சுப்படி திருத்திக் கொடுத்தாள். சாப்பிடும்போதுகூட அந்தச் சொற்களிலேயே என்னைக் கேலி செய்வாள்.

இப்போது போனில் அவளோடு தனியாகப் பேசவே முடிவதில்லை. எப்போதும் மாப்பிள்ளை பக்கத்தில், ஸ்பீக்கரில். போன மாதம் எப்படியம்மா இருக்கே என்றேன். "டூரன்ஸ்ல நல்லா இருக்கேன்ப்பா" என்றாள். மாப்பிள்ளை குறுக்கிட்டு, "என்டூரன்ஸா? ஆமா மாமா, தினமும் மாடிப்படி ஏறி இறங்கறா" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. டூரன்ஸ் என்றால் சிறை. பழைய நாடகங்களில் கோட்டைக்குள் பூட்டப்பட்டவர்கள் சொல்லும் சொல்.

விளையாட்டாக இருக்கும் என்று உன் அண்ணி தேற்றினாள். நேற்று வீடியோவில் பார்த்தோம். வேர்த்துக் கொட்டும் வெயிலில் மணிக்கட்டு வரை மூடிய சட்டை. போனை வைக்கப்போகும்போது "பிடைம்ஸ் வாங்கப்பா" என்றாள். மாப்பிள்ளைக்கு அது சம்டைம்ஸ் என்று கேட்டிருக்கிறது. "எப்ப வேணா வாங்க மாமா. இப்ப வேணாம், பெயிண்ட் அடிக்கிறாங்க" என்றார்.

அந்தச் சொல்லுக்கு நான் 'சீக்கிரம்' என்று மட்டும்தான் பொருள் எழுதியிருந்தேன். அது போதாதுப்பா என்று சண்டை போட்டு, 'பிந்திப்போவதற்கு முன்' என்று சேர்க்க வைத்ததே அவள்தான். அதை மறந்து பேசுகிறவள் இல்லை.

காவல் நிலையத்துக்குப் போனேன். பொண்ணு வாயால புகார் வந்துச்சா என்று கேட்டார்கள். இந்த இரண்டு சொற்களைப் புகார் என்று எப்படிக் காட்டுவேன்?

மாப்பிள்ளை உன் நாத்தனார் மகன். நீ பார்த்துச் சொன்ன வரன். இதை எழுதுவது உன்னைக் குத்திக்காட்ட அல்ல. அவர் கதவைத் திறப்பது உனக்கு மட்டும்தான். நாங்கள் ரயிலேறி வந்து சேர மூன்று நாளாகும், உனக்கு இரண்டு மணி நேரம். அவளுக்கு உடை தைக்க அளவெடுக்க வந்தேன் என்று சொல். அறைக்குள் கூட்டிப்போய்க் கையைப் பார். நான் நினைத்தது தப்பு என்றால் பைத்தியக்காரன் என்று திட்டு, சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

உன்னையே நம்பியிருக்கும்,
அண்ணன்

*

அண்ணாவுக்கு,

கடையில் வேலை செய்யும் பெண்ணின் போனிலிருந்து இதை அனுப்புகிறேன். என் போன் என் வீட்டுக்காரரிடம் இருக்கிறது.

கடிதம் வந்த அன்றே போனேன். பெயிண்டும் இல்லை, பெயிண்ட் அடிக்கும் ஆளும் இல்லை. வெளிக்கதவில் உள்பக்கம் பூட்டு, அவன்தான் வந்து திறந்தான். சாவி அவன் சட்டைப்பையில். அளவெடுக்க என்றதும், "இங்கயே எடுங்க அத்தை" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தான். சட்டையின் கைப்பட்டியை மடித்தேன். அண்ணா, நீ பைத்தியக்காரன் இல்லை. அதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

துணியை அவளே தேர்ந்தெடுக்கட்டும், கடைக்குக் கூட்டிப்போய்ச் சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தான். பிறகு, "உங்களை நம்பி அனுப்பறேன்" என்றான். பஸ் ஊர் எல்லை தாண்டும்வரை அவள் ஜன்னல் வழியாகப் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு என் தோளில் சாய்ந்து, "அப்பாவுக்குப் புரிஞ்சுதா அத்தை?" என்று கேட்டாள்.

கடைக்குப் பின்னால் உள்ள அறையில் தூங்குகிறாள். தூக்கத்திலும் என் முந்தானையை விடவில்லை. ஷட்டரை இறக்கி உள்ளே பூட்டியிருக்கிறேன். சாயங்காலம் எப்போதோ போய்விட்டது. வெளியே என் வீட்டுக்காரர் நிற்கிறார். "குடும்ப மானம் போகுது, கதவைத் திற" என்கிறார். பக்கத்தில் இன்னொரு குரல், "அத்தை, அத்தை" என்று தாழ்ந்து, ரொம்ப மரியாதையாகக் கூப்பிடுகிறது.

காவல் நிலையத்துக்குப் பேசிவிட்டேன், வருகிறோம் என்றார்கள். இன்னும் வரவில்லை. நான் திறக்கமாட்டேன். அண்ணியையும் கூட்டிக்கொண்டு ரயிலேறிவிடு. நீங்கள் வரும்போது இவள் எழுந்து உட்கார்ந்து உங்களோடு சாப்பிட வேண்டும். அதற்கு மட்டும் வேண்டிக்கொள்.

தங்கை